கரண்ட் பேனலா, சுடுதண்ணி பேனலா? எஃபிஷியன்சிய நீங்களே கணக்கு போட்டு பாக்குறது எப்படி

கூரையில கொஞ்சம் எடம் இருக்கு, அதுல கரண்ட் பேனல் போடுறதா சுடுதண்ணி பேனல் போடுறதான்னு யோசிக்கிறவங்க எல்லாருமே கடைசில ஒரே கேள்விலதான் வந்து நிப்பாங்க. கரண்ட் பேனல் விழுற வெயில்ல 20 சதவீதம்தான் எடுக்குது, சுடுதண்ணி பேனல் 70 சதவீதம் எடுக்குது, அப்ப கண்ண மூடிட்டு சுடுதண்ணி பேனலே போட்டுடலாமா? ரெண்டு நம்பருமே உண்மைதான், யாரும் பொய் சொல்லல. ஆனா அத வச்சு மட்டும் முடிவெடுக்காதீங்க, நான் அப்படித்தான் எடுத்தேன், அப்புறம் ஒரு வருஷம் உக்காந்து அளந்து பாத்தப்பதான் புரிஞ்சுது கணக்கு போட வேண்டிய விதமே வேறன்னு. ஒரு பேப்பர், பேனா, ஒரு தெர்மாமீட்டர், பத்து லிட்டர் பக்கெட் ஒண்ணு இருந்தா போதும், உங்க வீட்டுக்கு நீங்களே போட்டுடலாம்.

முதல் வேலை, ரெண்டையும் ஒரே அளவுக்கு கொண்டு வரணும். கரண்ட் பேனல வாட்ல விக்கிறாங்க, ஹீட்டர லிட்டர்ல விக்கிறாங்க, இப்படியே வச்சா எந்த ஜென்மத்துலயும் ஒப்பிட முடியாது. ரெண்டையும் யூனிட்டுக்கு, அதாவது கிலோவாட் ஹவருக்கு மாத்திக்கோங்க. வானம் தெளிவா இருக்குற உச்சி வெயில்ல, சூரியன நேரா பாத்து நிக்கிற ஒரு சதுர மீட்டர்ல ஏறக்கொறைய 1000 வாட் விழும். நல்ல வெயில் நாள்ல காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் சேத்தா 5ல இருந்து 6 யூனிட், மப்பா இருந்தா 1, 2 யூனிட்டோட முடிஞ்சிரும். உங்க ஊருக்கு மாசாமாசம் எவ்ளோன்னு தெரியணும்னா குளோபல் சோலார் அட்லஸ், பிவிஜிஐஎஸ்னு ரெண்டு வெப்சைட் ஃப்ரீயா இருக்கு, மேப்ல உங்க எடத்த கிளிக் பண்ணா நம்பர் வந்துரும், அத எழுதி வச்சுக்கோங்க. தண்ணி பக்கம் ஒரே ஒரு நம்பர் ஞாபகம் வச்சா போதும், ஒரு லிட்டர் தண்ணிய ஒரு டிகிரி சூடாக்க 1.163 வாட் ஹவர் வேணும். 100 லிட்டர 30 டிகிரி ஏத்தணும்னா 3.5 யூனிட். அவ்ளோதான்.

இப்ப கரண்ட் பேனல். பேனல திருப்பி பின்னாடி ஸ்டிக்கர பாருங்க, வாட் போட்டிருக்கும், நீள அகலம் போட்டிருக்கும். உதாரணத்துக்கு 410 வாட், 1722 மில்லிமீட்டருக்கு 1134 மில்லிமீட்டர்னு இருந்தா பரப்பு 1.95 சதுர மீட்டர், அதுல 1000 வாட் கணக்குல விழுறது 1950 வாட், 410ஐ அதால வகுத்தா 21 சதவீதம். இது லேப் நம்பர். லேப்ல டெஸ்ட் பண்ணும்போது செல்லோட, அதாவது பேனல்ல கட்டம் கட்டமா இருக்குற சிலிக்கான் தகடோட சூட்ட 25 டிகிரில வச்சுப்பாங்க. கூரையில எங்கங்க 25 டிகிரி இருக்கு? அதே ஷீட்ல என்ஓசிடின்னு ஒண்ணு இருக்கும், பெரும்பாலும் 45 டிகிரி சுத்தி இருக்கும், 20 டிகிரி காத்துல 800 வாட் வெயில் விழும்போது செல் எவ்ளோ சூடாகும்ங்கிறதுதான் அது. அந்த கணக்குல 1000 வாட் வெயில்ல செல் காத்த விட சுமார் 31 டிகிரி கூட போகும், வெளிய 30 டிகிரின்னா செல் 61 டிகிரி. 25க்கு மேல ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3ல இருந்து 0.4 சதவீதம் வரைக்கும் அவுட்புட் கொறையும், 0.35ன்னு வச்சுக்கிட்டா 36 டிகிரிக்கு 12.6 சதவீதம் போச்சு, 410 வாட் 358 வாட் ஆயிடுச்சு. அப்புறம் பேனல் கரண்ட்ட வீட்டு கரண்ட்டா மாத்துற இன்வெர்ட்டர் ஒரு 3 சதவீதம் எடுத்துக்கும், தூசி, ஒயர் எல்லாம் சேந்து ஒரு 5 சதவீதம். கடைசில கைக்கு வர்றது 330 வாட், அதாவது 17 சதவீதம். உங்க பேப்பர்ல 21 எழுதாதீங்க, 17 எழுதுங்க.

இவ்ளோ கம்மியா ஏன்னு நெறைய பேருக்கு மனசுல ஒரு கொறை இருக்கும். பேனல் மட்டமானதுனால இல்ல. சிலிக்கானுக்கு ஒரு குறிப்பிட்ட அளவு எனர்ஜி இருக்குற ஒளிதான் வேணும், அத விட கம்மியானது கரண்ட் ஆகாமலே போயிடும், அதிகமானதுல மிச்சம் சூடாயிடும். ஒரே லேயர் செல்லுக்கு ஒரு உச்சம் உண்டுன்னு ஷாக்லி, குவைசர்ங்கிற ரெண்டு விஞ்ஞானிகள் 1961லயே கணக்கு போட்டுட்டாங்க, இப்ப போடுற கணக்குல அது 33 சதவீதம் சுத்தி, சிலிக்கானுக்குன்னு தனியா பாத்தா 29 சுத்தி. 1954ல அமெரிக்காவோட பெல் லேப்ஸ்ல வந்த, நடைமுறைக்கு ஆகுற முதல் சிலிக்கான் செல் வெறும் 6 சதவீதம், அங்க இருந்து 21க்கு வந்திருக்குன்னா உச்சத்துல முக்காவாசி எட்டியாச்சு. சுடுதண்ணி பேனலுக்கு இந்த சிக்கலே கிடையாது, கருப்பு பூச்சுக்கு எந்த கலர் ஒளியா இருந்தாலும் ஒண்ணுதான், நல்ல செலக்டிவ் கோட்டிங் 95 சதவீதம் வரைக்கும் உள்ள இழுத்துக்கும். அதோட கஷ்டம் வேற, புடிச்ச சூட்ட வெளிய விடாம வச்சுக்கணும்.

அந்த கஷ்டத்துலதான் மொத்த விஷயமும் இருக்கு, அதனால இத கொஞ்சம் நிதானமா படிங்க. சுடுதண்ணி பேனலோட டேட்டா ஷீட்ல, ஐஎஸ்ஓ 9806ங்கிற சர்வதேச டெஸ்ட் முறைப்படி டெஸ்ட் பண்ணதா இருந்தா, மூணு நம்பர் இருக்கும். முதல் நம்பர், பேனலும் வெளிக்காத்தும் ஒரே சூட்டுல இருக்கும்போது வர்ற எஃபிஷியன்சி, நல்ல ஃபிளாட் பிளேட்டுக்கு (கண்ணாடிக்கு கீழ கருப்பு தகடு வச்ச பெட்டி மாதிரி பேனல்) 0.78 மாதிரி, வேக்கம் டியூப்புக்கு (காத்து எடுத்த கண்ணாடி குழாய் வரிசையா இருக்குற பேனல்) 0.7 மாதிரி இருக்கும், விளம்பரத்துல போடுறது இதத்தான். மத்த ரெண்டும் சூடு வெளிய போற அளவு, ஃபிளாட் பிளேட்டுக்கு 4, 0.015 மாதிரி, வேக்கம் டியூப்புக்கு 1.2, 0.008 மாதிரி இருக்கும். கணக்கு இதுதான்: பேனல்ல ஓடுற தண்ணியோட சூட்டுல இருந்து வெளிக்காத்து சூட்ட கழிங்க, அந்த வித்தியாசத்த ரெண்டாவது நம்பரால பெருக்கி வெயிலோட வாட்டால வகுங்க, அப்புறம் வித்தியாசத்த அதாலயே ஒரு தடவ பெருக்கி மூணாவது நம்பராலயும் பெருக்கி திரும்ப வெயிலால வகுங்க, இந்த ரெண்டையும் முதல் நம்பர்ல இருந்து கழிங்க.

போட்டு பாப்போம். வெளிய 30 டிகிரி, பேனல்ல தண்ணி 40 டிகிரி, 1000 வாட் வெயில். ஃபிளாட் பிளேட் 74 சதவீதம். தண்ணி 60 டிகிரி ஆனதும் 65 சதவீதம். இப்ப குளிர் காலம்னு வைங்க, வெளிய 10 டிகிரி, மப்பு, வெயில் 300 வாட்தான், நமக்கு 60 டிகிரி தண்ணி வேணும். கணக்கு போட்டா ஃபிளாட் பிளேட் பூஜ்யத்துக்கு கீழ போயிடுது! உள்ள வர்ற சூடு மொத்தமும் கண்ணாடி வழியா வெளியவே போயிடுது, டேங்குக்கு ஒரு சொட்டு கூட சேராது. அதே நேரத்துல வேக்கம் டியூப் 43 சதவீதம் குடுக்கும், கரண்ட் பேனல் பாட்டுக்கு குளிருல ஜம்முனு நூத்து சொச்சம் வாட் குடுத்துட்டு இருக்கும். ஆனா நல்ல வெயில்ல, வெதுவெதுன்னு தண்ணி வேணும்ங்கிற எடத்துல வேக்கம் டியூப் 69 சதவீதம்தான், ஃபிளாட் பிளேட்டோட 74 அங்க ஜெயிக்குது. அதனால எது பெஸ்ட்டுன்னு பொதுவா சொல்றவங்கள நம்பாதீங்க, உங்களுக்கு எத்தன டிகிரி தண்ணி வேணும், வெளிய எத்தன டிகிரின்னு முதல்ல கேக்குறவங்கள நம்புங்க.

இங்க ஒரு பொடி வச்சிருப்பாங்க, அதையும் பாத்துக்கோங்க. பரப்புங்கிறதுக்கு மூணு அளவு இருக்கு, வெளி ஃப்ரேமோட சேத்து மொத்த பரப்பு, வெயில் உள்ள போற கண்ணாடி பரப்பு, உள்ள இருக்குற கருப்பு தகடு பரப்பு. சின்ன பரப்பால வகுத்தா எஃபிஷியன்சி பெருசா தெரியும். வேக்கம் டியூப்ல இது ரொம்ப முக்கியம், டியூப்புக்கு டியூப் இடைவெளி இருக்கு, அந்த இடைவெளியும் உங்க கூரைதானே. கரண்ட் பேனலுக்கு மொத்த பரப்பால வகுத்தோம்ல, அதே மாதிரி இதுக்கும் மொத்த பரப்பாலதான் வகுக்கணும்.

ஷீட் கணக்கு இதோட போதும். ஏற்கெனவே ஹீட்டர் இருக்குறவங்க நேராவே அளந்து பாருங்க, இத நான் ரொம்ப வற்புறுத்தி சொல்வேன். நான் முதல்ல டேங்க் மேல இருந்த தெர்மாமீட்டர மட்டும் பாத்து, முழு டேங்கும் அதே சூடுன்னு நெனச்சு கணக்கு போட்டேன், நம்பவே முடியாத அளவுக்கு பெரிய நம்பர் வந்துச்சு. டேங்க்ல மேல கொதிக்கிற மாதிரி இருக்கும், கீழ வெதுவெதுன்னுதான் இருக்கும், சுடுதண்ணி லேசு, மேலயே நின்னுடும். அதனால பக்கெட் கணக்குதான் சரி. முந்தின நாள் ராத்திரியே டேங்க்ல இருக்குற சுடுதண்ணிய காலி பண்ணிடுங்க, காலைல டேங்க் பூரா பச்சத்தண்ணியா இருக்கணும். உள்ள வர்ற தண்ணியோட சூட்ட குறிச்சுக்கோங்க, 24 டிகிரின்னு வைங்க. பகல் பூரா குழாய தொறக்காதீங்க, டேங்க்ல பேக்கப் காயில் இருந்தா அதையும் ஆஃப் பண்ணிடுங்க. வெயில் எறங்குனதும் பத்து பத்து லிட்டரா புடிச்சு ஒவ்வொரு பக்கெட்டையும் நல்லா கலக்கிட்டு தெர்மாமீட்டர் வச்சு எழுதுங்க, கை பத்திரம், முதல் பக்கெட்டுகள் தோல உரிச்சிரும். 58 டிகிரி பக்கெட்னா 34 டிகிரி ஏறியிருக்கு, 10 லிட்டர், 1.163, பெருக்குனா 395 வாட் ஹவர். டேங்க் அளவோட நிறுத்தாதீங்க, தண்ணி திரும்ப 24 டிகிரிக்கு வர்ற வரைக்கும் புடிங்க, ஏன்னா நீங்க எடுக்க எடுக்க கீழ பச்சத்தண்ணி உள்ள வந்து கலந்துட்டே இருக்கும். எல்லாத்தையும் கூட்டுங்க. 2 சதுர மீட்டர் பேனல், அன்னிக்கு வெயில் சதுர மீட்டருக்கு 5.5 யூனிட், பக்கெட் எல்லாம் கூட்டி 5.2 யூனிட் வந்துச்சுன்னா, விழுந்தது 11, கிடைச்சது 5.2, எஃபிஷியன்சி 47 சதவீதம். 70ன்னு சொன்னது எங்க போச்சுன்னு கேக்காதீங்க, காலைல சாயங்காலம் சாஞ்ச வெயில், பைப், டேங்க் எல்லாம் எடுத்துக்குச்சு.

பக்கெட் புடிக்கும்போது முதல் பக்கெட்ட கவனிங்க, அது ரெண்டாவத விட ஆறிப்போய் இருக்கும். டேங்க்ல இருந்து குழாய் வரைக்கும் பைப்ல நின்ன தண்ணி அது. உள் விட்டம் 20 மில்லிமீட்டர் பைப் 15 மீட்டர் இருந்தா அதுல 4.7 லிட்டர் நிக்கும், ஒவ்வொரு தடவ நீங்க சுடுதண்ணி எடுத்து மூடும்போதும் அந்த 4.7 லிட்டர் சூடு பைப்லயே ஆறி போகுது, 30 டிகிரி கணக்குல 160 வாட் ஹவர், ஒரு நாளைக்கு அஞ்சு தடவன்னா 0.8 யூனிட். 410 வாட் பேனல் ஒண்ணு உச்சி வெயில்ல ரெண்டரை மணி நேரம் ஓடி குடுக்குறத பைப் சாப்பிடுது. ஹீட்டர் வாங்குறதுக்கு முன்னாடி பைப் தூரத்த டேப் வச்சு அளங்க, இன்சுலேஷன் போடாத பைப்ப ஒத்துக்காதீங்க. ராத்திரில டேங்க் எவ்ளோ ஆறுதுன்னும் ஒரு நாள் பாருங்க, 150 லிட்டர் டேங்க் 6 டிகிரி ஆறுனா 1 யூனிட் போச்சு.

சரி, இப்ப நேருக்கு நேர் வச்சு பாக்கலாம். அதே 5.2 யூனிட் சூட்ட கரண்ட் பேனல வச்சு எடுக்கணும்னா என்ன ஆகும்? காயில் ஹீட்டர்னா கரண்ட் அப்படியே சூடா மாறும், 17 சதவீத கணக்குல 5.6 சதுர மீட்டர் வேணும், அதாவது மூணு பேனல். சுடுதண்ணி பேனல் 2 சதுர மீட்டர்ல முடிக்கிற வேலைக்கு மூணு மடங்கு எடம். இந்த எடத்துலதான் முதல்ல சொன்ன 20க்கு 70ங்கிற பேச்சு ஏறக்கொறைய சரி. ஆனா காயிலுக்கு பதிலா ஹீட் பம்ப் வச்சா கதையே மாறிடுது, அது ஒரு யூனிட் கரண்ட் வாங்கி வெளிக்காத்துல இருக்குற சூட்டையும் இழுத்து மூணு யூனிட் சூடா தண்ணிக்கு குடுக்கும். 5.2 யூனிட் சூட்டுக்கு 1.75 யூனிட் கரண்ட் போதும், அதுக்கு 1.9 சதுர மீட்டர், ஒரே ஒரு பேனல். சுடுதண்ணி பேனலும் 2 சதுர மீட்டர், இதுவும் 2 சதுர மீட்டர்! இந்த கணக்க முதல் தடவ போட்டப்ப திரும்ப திரும்ப சரிபாத்தேன், சரியாத்தான் இருந்துச்சு. ஒரு எச்சரிக்கை மட்டும், ஒரு பேனல் உச்சில 330 வாட்தான் தரும், ஹீட் பம்ப்புக்கு ஓடும்போது பொதுவா அத விட கூட வேணும், அதனால கிரிட், அதாவது வெளிய இருந்து வர்ற கரண்ட் லைன் இருக்கணும் இல்ல கூட நாலு பேனல் இருக்கணும், ஒத்த பேனல தனியா வச்சு ஓட்ட முடியாது. வெளிய குளிர் கூடுனா அந்த மூணும் ரெண்டு பக்கம் எறங்கிடும்.

இதுக்கப்புறம்தான் ஷீட்ல எங்கயும் போடாத விஷயம் வருது, கெடச்ச யூனிட்ல நீங்க எவ்ளோ பயன்படுத்துறீங்க? கோடைல உள்ள வர்ற தண்ணியே 30 டிகிரிக்கு பக்கம் இருக்கும், யாருக்கும் கொதிக்கிற தண்ணி வேணாம், 100 லிட்டர் 15 டிகிரி ஏறுனா போதும்னு வைங்க, அது 1.75 யூனிட். பேனல்ல விழுந்தது 11 யூனிட். பயன்பட்டது 16 சதவீதம்! மத்தியானத்துக்குள்ள டேங்க் சூடாகிடும், அதுக்கப்புறம் விழுற வெயில் எல்லாம் வென்ட் பைப்ல ஆவியா போகும், இல்ல பேனலையே காய வைக்கும், தண்ணி ஓடாத ஃபிளாட் பிளேட் 150 டிகிரிக்கு மேலயே போகும், சீலிங் எல்லாம் கெட்டுப்போறது இதனாலதான். 70 சதவீத பேனல் 16 சதவீதமா ஆகுது, கரண்ட் பேனல் அதே நாள்ல 17லயே நிக்குது, அதுவும் ஃபேனு, லைட்டு, ஃப்ரிட்ஜுன்னு எதுக்கு வேணாலும் போகும், கிரிட்டுக்கும் போகும். கிரிட் இல்லாம பேட்டரில ஓட்டுறவங்களுக்கு மட்டும் இந்த பக்கமும் இதே பிரச்சன உண்டு, பேட்டரி ஃபுல் ஆனதும் பேனல் சும்மா இருக்கும், போட்டு எடுக்கும்போது லித்தியம்னா ஒரு 10 சதவீதம், லெட் ஆசிட்னா 20 சதவீதம் போகும், அதையும் கழிச்சு எழுதுங்க.

ஒரு யூனிட் கரண்டும் ஒரு யூனிட் சூடும் ஒரே மதிப்பு இல்லங்கிறதையும் மனசுல வைங்க. கரண்ட்ட எப்ப வேணா தண்ணி சூடாக்க வைக்கலாம், ஆனா 60 டிகிரி சுடுதண்ணிய வச்சு ஃபேன் ஓட்ட முடியுமா? சுத்தி 25 டிகிரி இருந்தா அந்த சூட்டுல இருந்து தியரிப்படியே 10.5 சதவீதத்துக்கு மேல கரண்ட் எடுக்க முடியாது. அதனால சுடுதண்ணி பேனலோட எஃபிஷியன்சி உங்களுக்கு சுடுதண்ணி வேணும்ங்கிற நேரத்துக்கு மட்டும்தான் செல்லும்.

அப்ப முடிவு எப்படி எடுக்குறது? வருஷம் பூரா தினமும் சுடுதண்ணி கொட்டுற எடம், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி, லாட்ஜ் மாதிரின்னா சுடுதண்ணி பேனல் கண்டிப்பா ஜெயிக்கும், டேங்க் ஒரு நாளும் ஃபுல்லா நிக்காது. வருஷத்துல நாலு மாசம்தான் சுடுதண்ணி வேணும்ங்கிற வீட்டுக்கு என் கருத்துல கரண்ட் பேனலும் ஹீட் பம்ப்பும்தான். கூரை ரொம்ப சின்னது, கிரிட் நம்பிக்கை இல்ல, ஹீட் பம்ப்புக்கு கை வராதுன்னா சின்ன சுடுதண்ணி பேனல் போடுங்க, ஆனா கோடைக்கு ஏத்த அளவுல, குளிர்காலத்துக்கு பெருசா போட்டா கோடைல அத்தனையும் வீண். ரெண்டும் சேந்த ஹைப்ரிட் பேனல் இருக்கு, முன்னாடி கரண்ட், பின்னாடி தண்ணி, செல்ல குளிர வைக்க தண்ணி வெதுவெதுன்னுதான் ஓடணும், அதனால நீச்சல் குளம் மாதிரி வெதுவெதுப்பு போதும்ங்கிற எடத்துக்குத்தான் நான் சொல்வேன்.

கடைசி வேலை ஒண்ணு பாக்கி, இத ஆள கூப்புடுறதுக்கு முன்னாடி நீங்களே செய்யணும். ஒரு சாக்பீஸ் எடுத்துட்டு கூரைக்கு போங்க, காலைல 9 மணி, மத்தியானம் 12, சாயங்காலம் 3, மூணு நேரமும் மரம், கம்பம், தண்ணி தொட்டி நெழல் எங்க விழுதோ அங்க கோடு போடுங்க, குளிர்காலத்துல ஒரு நாள் கட்டாயம் போடுங்க, அப்பதான் நெழல் நீளமா விழும். சுடுதண்ணி பேனல்ல 5 சதவீதம் நெழல் விழுந்தா ஏறக்கொறைய 5 சதவீதம்தான் கொறையும். கரண்ட் பேனல்ல அப்படி இல்ல, செல் எல்லாம் சங்கிலி மாதிரி கோத்திருக்கு, சாதாரண பேனல்ல, நெழல் விழுந்த பகுதிய ஒதுக்கிட்டு கரண்ட்ட சுத்தி அனுப்புற பைபாஸ் டயோடு மூணு இருக்கும், ஒரே ஒரு செல்ல நெழல் மறைச்சா மூணுல ஒரு பங்கு வரைக்கும் போயிடும், பேனல நிக்க வச்சு கீழ் வரிசை செல் பூரா மறைஞ்சா, முழு செல் பேனல்னா மொத்தமுமே படுத்துடும், செல்ல பாதியா வெட்டி செஞ்ச பேனல்னா பாதி படுத்துடும். மழை பேஞ்சு காஞ்சதும் கீழ் ஃப்ரேம் ஓரமா படியுற சேத்துக் கோடே அந்த வேலைய பண்ணும், படுக்க வாக்குல போட்டா அதே சேறு மூணுல ஒரு பங்கோட நின்னுடும். சாக்பீஸ் கோட்டுக்கு உள்ள வர்ற எடத்த சுடுதண்ணிக்கு குடுங்க, நெழலே படாத எடத்த கரண்டுக்கு வைங்க.